நம்பிக்கைமானி

தென்பொருநைக் குடியிருப்பில் எல்லோரும் காலைக் காப்பிக்கு முன்னால் கொஞ்ச நேரம் செத்துப் பிழைப்பார்கள்.

படுக்கையில் மல்லாந்து, மணிக்கட்டில் துயில்வளையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் போதும். வளை இதயத்தை மெல்ல மெல்லத் தணிக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஒரு பல்லவியைப் பாடி முடித்துவிடலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தும். மூச்சு அடங்கிவிடும். விரல் நுனிகள் நீலம் பாரிக்கும். பிறகு வளை மனமிரங்கி ஆளைத் திருப்பித் தரும். எழுந்து பல் துலக்கி, பாசித்தூள் காப்பியைக் குடித்துவிட்டு அவரவர் வேலைக்குக் கிளம்புவார்கள். பக்கத்து வீட்டில் யாராவது எழுந்திருக்கத் தாமதித்தால் கதவைத் தட்டுவது ஊர் வழக்கம்.

சீரிஸ் என்னும் குறுங்கோளின் பனிப்பாறைக்கு அடியில் இருந்தது அந்த ஊர். தாமிரபரணிக் கரையிலிருந்து புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே நீர் வெட்டி, கப்பல்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள். இப்போது பாறை விரிசல் விட ஆரம்பித்திருந்தது. சாப்பிடும்போது, குளிக்கும்போது, தலைக்கு மேலே எங்கோ யாரோ கட்டிலை இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். பேச்சு அப்படியே நின்றுபோகும். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

சனியின் நிலவான டைட்டனுக்கு ஊரை மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. இரண்டு பயணம், ஒவ்வொன்றிலும் பாதி ஊர். முதல் கப்பல் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது கிளம்பும். நாலு ஆண்டுத் தூரத்துக்கு விழித்துக்கொண்டு போகச் சோறும் காற்றும் காணாது. குளிர்துயிலில்தான் போக வேண்டும். காலை ஒத்திகையெல்லாம் அதற்காகத்தான்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. குளிர்துயிலில் படுத்தவர்களில் பத்துக்கு ஒருவர் எழுவதில்லை. ஏன் என்று எந்த மருத்துவருக்கும் தெரியவில்லை.

முதல் கப்பலுக்குச் சில வாரங்களே மீதியிருந்தபோது குடியிருப்பு மன்றம் ஒரு செய்தியை அறிவித்தது. நமக்கு முன்னால் வேறொரு குடியிருப்பிலிருந்து டைட்டனுக்குப் போன கப்பலில் எழாமற்போனவர்கள் பெரும்பாலும் நம்பிக்கை இல்லாதவர்களாம். உறைநிலையின் விளிம்பில் மூளை தனக்குள் 'எழுவேனா' என்று கேட்கிறது. அந்தத் தடுமாற்றமே அதைக் கொன்றுவிடுகிறது. ஆகவே எல்லோரும் நம்பிக்கைமானியில் அளந்துகொள்ள வேண்டும். குறைவாக உள்ளவர்கள் விரும்பினால் உறுதிப்பதியம் வைத்துக்கொள்ளலாம். அது ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால் வைத்தால், மூளையில் சந்தேகப்படும் இடத்தைத் தூங்கவைத்துவிடும்.

அறிவிப்பைக் கேட்டதும் ஊரில் பாதிப்பேர் நம்பியைத்தான் நினைத்தார்கள்.

அவனுடைய முழுப்பெயர் அறிவுடைநம்பி. காற்றுச் சுத்திகரிப்புப் பொறியாளன். கடவுள் இல்லை என்று சொல்லும் குடும்பத்தில் மூன்றாவது தலைமுறை. தமிழ்ப்பற்றும் பகுத்தறிவும் ஒருங்கே கொண்ட தாத்தா ஒரு பாண்டிய மன்னனின் பெயரைத் தேர்ந்து வைத்தார். ஊர் அதைச் சுருக்கி, எதையும் நம்பாதவனை நம்பி, நம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் மனைவி எப்சிபா சபைக்குப் போகிறவள். அவளுடைய அண்ணன் ஜெபத்துரைதான் அந்தச் சபையின் போதகர்.

அறிவிப்பு வந்த மறுநாள் காலை ஜெபத்துரை வந்தார். வழக்கமாக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறவர், அன்று பேசாமல் வந்து உட்கார்ந்தார். எப்சிபா மூன்று டம்ளரில் காப்பி வைத்தாள்.

"மாப்ள, கல்யாணமான நாள்லேருந்து உங்ககிட்ட ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

"நானும் ஒரே பதிலைத்தான் சொல்லுதேன் மச்சான்" என்று நம்பி சிரித்தான். "நம்புறதுங்கிறது கையைத் தூக்குற மாதிரி இல்ல, தூக்குன்னா தூக்குறதுக்கு. இந்தக் காப்பி இனிக்குதுன்னு இப்பம் என்னால நம்ப முடியுமா? உங்க தங்கச்சி சீனி போட மறந்துட்டா. நீங்க என் காலைப் புடிச்சுக் கெஞ்சினாலும் எனக்குக் கசக்கத்தான் செய்யும்."

எப்சிபா நாக்கைக் கடித்துக்கொண்டு சீனி டப்பாவை எடுத்தாள்.

"சான்று, சான்றுன்னு கேட்டிய. இப்பம் சான்றும் வந்தாச்சு. விசுவாசிக்கிறவன் எழும்புதான். மத்தவன் கிடந்துபோறான்."

"அது விசுவாசம் உதவுதுங்கிறதுக்குச் சான்று. கடவுள் இருக்காருங்கிறதுக்கு இல்ல. ஊசி வலிக்காதுன்னு பிள்ளைகிட்ட சொல்லுதோம். பிள்ளை நம்பி அழாம இருக்கு. அதனால ஊசி வலிக்காமப் போயிருமா?"

"சரி, தப்பாவே இருக்கட்டும். நம்பினா உங்களுக்கு என்ன நட்டம்? சரியா இருந்தா உசுரு மிஞ்சுமே."

"நட்டம் நான்தான் மச்சான். அந்த நெல்லைக் காதுக்குப் பின்னால வச்சுக்கிட்டு அங்க போய் எழும்புறவன் நானா இருக்க மாட்டேன். என் சட்டையைப் போட்டுக்கிட்டு வேற எவனோ எழும்புவான்."

"நான் பதியத்தைச் சொல்லலை" என்றார் ஜெபத்துரை. "மெஷின் குடுக்கிறதெல்லாம் விசுவாசமா? நீங்க ஒரே ஒரு தடவை முழங்கால் போட்டு, மனசாரக் கேளுங்க. அது போதும்." அவர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குப் பயமா இருக்கு மாப்ள. அங்க போய் இவ கண்ணு முழிக்கையில, பக்கத்துப் பேழையில நீங்க விறைச்சுக் கிடந்தா நான் என்ன சொல்லி இவளைத் தேத்துவேன்?"

மேலே பாறை முனகியது. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். சத்தம் அடங்கியதும் நம்பி மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை நகர்த்தி வைத்தான். வாதம் என்றால் பதில் இருந்தது. பயத்துக்கு அவனிடம் பதில் இல்லை.

எப்சிபா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த காலைகளில் நம்பிக்கு ஒத்திகை கொடுமையாயிற்று. முன்பெல்லாம் வளையை மாட்டினால் தூக்கம்போல ஒன்று வந்து மூடும். இப்போதோ கடைசித் துடிப்பு போன பிறகு அடுத்தது வருவதற்குள் ஒரு பெரிய வெளி திறந்துகொண்டது. அதில் கையும் காலும் இல்லாமல் அவன் மிதந்தான். 'எழுவேனா' என்று கேட்கக் கூடாது, கேட்டால்தான் சாவு என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டான். அடக்க அடக்க அந்தக் கேள்விதான் அங்கே பெரிதாக நின்றது. விழித்ததும் முதல் வேலையாகத் திரும்பி எப்சிபா மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பான். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். ஜெபம் செய்கிறாள் என்று நிம்மதியடைவான். கப்பல் பயணத்தைப் பொறுத்தவரை அவளைப் பற்றி அவனுக்குக் கவலை இருக்கவில்லை. ஊரில் ஒருவர் நிச்சயம் எழுவார் என்றால் அது எப்சிபாதான்.

அளப்பதற்கு மூவரும் சேர்ந்தே போனார்கள்.

டாக்டர் ஷமீமா ஒவ்வொருவர் தலையிலும் மெல்லிய வலை ஒன்றைப் பொருத்தி, கேள்விகளை வாசித்தார். நாளைக் காலை இந்தக் கதவு திறக்குமா? உங்களைப் பெற்றவர்கள் உங்களை நேசித்தார்களா? டைட்டனில் கண் விழிப்பீர்களா? கடவுள் இருக்கிறாரா? பதிலை மானி பொருட்படுத்துவதில்லை. பதில் சொல்லும்போது உள்ளே ஏற்படும் நடுக்கத்தைத்தான் அது முள்ளில் காட்டும்.

ஜெபத்துரை உட்கார்ந்தபோது முள் அசையவே இல்லை. டாக்டர் வியந்து, கருவியை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். அடுத்து நம்பி. டைட்டனில் கண் விழிப்பதைப் பற்றிய கேள்விக்கு லேசாக ஆடிய முள், கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு அவன் "இல்லை" என்றபோது ஆணி அடித்ததுபோல நின்றது.

எப்சிபா "இருக்கார்" என்றாள். முள் பெருங்காற்றில் மாட்டிய இலைபோலப் படபடத்தது.

"நீங்க ரெண்டு பேரும் நல்ல உறுதி. பதியம் தேவையில்லை" என்றார் டாக்டர். "அம்மாவுக்குத்தான் ரொம்பக் குறைவா இருக்கு."

"ஆள் மாறிப்போச்சு டாக்டர்" என்றான் நம்பி. "நம்பிக்கை இல்லாதவன் நான்."

"மானிக்கு நீங்க எதை நம்புறீங்கன்னு தெரியாது சார். அசையாம இருக்கீங்களான்னு மட்டும்தான் தெரியும்."

நம்பி மனைவியைப் பார்த்தான். அவள் தலையிலிருந்த வலையைக் கழற்றி, கலைந்த கூந்தலைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் வியப்பே இல்லை. அதுதான் அவனை உலுக்கியது.

வீடு திரும்பியதும் அவன் கதவைச் சாத்தினான். ஜெபத்துரையும் உள்ளே வந்துவிட்டார்.

"நாளைக்கே போய்ப் பதியம் வச்சிருவோம்" என்றான் நம்பி.

"எனக்கு வேண்டாங்க."

"விளையாடாத எப்சிபா."

"விளையாடலை. நான் தினமும் அந்த வளையைப் போடும்போது, 'நீர் இருக்கீரா'ன்னுதான் கேக்கேன். ஒரு நாளும் பதில் வந்ததில்லை. மறுநாளும் கேக்கேன். அந்தக் கேள்வியை எடுத்துட்டா அப்புறம் நான் யாருகிட்டப் பேச?"

"இதை ஏன் இத்தனை நாளும் எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க எங்க கேட்டிய? அண்ணனும் நீங்களும் பேசுவிய. நான் டம்ளர் கழுவுவேன்."

நம்பி கட்டிலில் உட்கார்ந்தான். அந்தச் செய்தியை யார் எழுதினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று விசாரிக்க வேண்டும் என முதல் நாள் அவனுக்குத் தோன்றியதுதான். இப்போது அதெல்லாம் எங்கோ போய்விட்டது. அவன் கண்ணுக்குள் ஒரே ஒரு படம்தான் இருந்தது. எப்சிபாவின் பேழை. திறக்காத மூடி.

"சரி, அந்தப் பதியம் பொய்யாவே இருக்கட்டும்" என்றான். "வச்சுக்கிட்டா உனக்கு என்ன நட்டம்? சரியா இருந்தா உசுரு மிஞ்சுமே."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவனுக்கு உறைத்தது. ஜெபத்துரையும் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"மாப்ள சொல்லுறது சரிதான் தாயி" என்றார் அவர். "கர்த்தர் மருந்தையும் குடுக்காரு, டாக்டரையும் குடுக்காரு. இதையும் அவரு குடுத்ததா நினைச்சுக்க."

"மெஷின் குடுக்கிறதெல்லாம் விசுவாசமான்னு நீங்கதானே அண்ணேன் கேட்டிய?"

போதகர் தலையைக் குனிந்துகொண்டார்.

எப்சிபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. கடைசியில ரெண்டு பேரும் ஒரே சபையில சேந்துட்டிய."

நம்பி எழுந்து அவள் கைகளைப் பற்றிக்கொண்டான். மேடைகளில் பேசியவன், கேள்விக்குக் கேள்வி மடக்கியவன், அன்று மன்றாடினான். எனக்காக என்றான். ஒரே ஒரு தடவை என்றான். நீ இல்லாமல் அந்த ஊரில் நான் என்ன செய்வேன் என்று கேட்டு அழுதான். அவள் அவன் கையை விடுவிக்கவுமில்லை, சரி என்று சொல்லவுமில்லை.

"என்னால முடியாதுங்க" என்று மட்டும் சொன்னாள். "நம்பணும்னு முடிவு பண்ணி ஒருத்தரால நம்ப முடியாது. நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

புறப்படும் நாளில் கப்பலின் துயிற்கூடம் குளிரில் வெள்ளையாகப் புகைந்தது. வரிசையாகப் பேழைகள். முதல் கப்பலில் போகிறவர்களில் பெரும்பாலோர் பதியம் வைத்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் சின்னத் தழும்புகளோடு, கல்யாணத்துக்குப் போகிறவர்களைப்போல அமைதியான முகத்துடன் ஏறிப் படுத்தார்கள். அந்த அமைதியைப் பார்க்கத்தான் நம்பிக்கு அச்சமாயிருந்தது. குழந்தையை உள்ளே படுக்கவைத்த ஒரு தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் பேழைக்குப் போனாள்.

கூடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது எப்சிபா ஒருத்திதான். பற்கள் தந்தியடித்தன. ஜெபத்துரை அவள் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, நம்பியிடம் வந்து, "அங்க பாப்போம் மாப்ள" என்றார். வண்டி மாறி அடுத்த ரயிலைப் பிடிக்கிறவர்போல, அத்தனை எளிதாகச் சொல்லிவிட்டு ஏறிப் படுத்தார்.

"பயமா இருக்குங்க" என்றாள் எப்சிபா.

"எனக்கும்."

அவளுடைய மூடி இறங்குகிறவரை நம்பி அவள் விரலைப் பிடித்திருந்தான். கண்ணாடிக்குள் அவள் உதடுகள் அசைவது தெரிந்தது. என்ன கேட்கிறாள் என்று இப்போது அவனுக்குத் தெரியும். அவளுக்குப் பதில் வர வேண்டுமே என்று தவித்தபடி தன் பேழையில் படுத்தான்.

*

முதலில் ஒரு வலி. பிறகு வெளிச்சம். பிறகு நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல இதயம்.

நம்பி கண்ணைத் திறந்தபோது எப்சிபா அவன்மேல் குனிந்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு வெடித்திருந்தது. அவன் அவள் கன்னத்தைத் தொட்டான். சூடாக இருந்தது. அதற்குமேல் அவனுக்கு உலகத்தில் எதுவும் தேவைப்படவில்லை.

அவள் கண்கள் கலங்கியிருந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தான்.

"அண்ணேன் எழும்பலை" என்றாள்.

ஜெபத்துரை பேழைக்குள் அப்படியே படுத்திருந்தார். முகத்தில் புறப்பட்டபோது இருந்த அதே தெளிவு. நம்பி நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அழுகை வந்தது. அழுகைக்கு முன்னால் வேறொன்று வந்தது.

"மானி அவருக்குத் தப்பாக் காட்டியிருக்கும்" என்றான். "டாக்டர்கூட அன்னைக்குத் தட்டிப் பாத்தாங்களே. உள்ளுக்குள்ள அவருக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும் எப்சிபா. வெளியில காட்டியிருக்க மாட்டாரு."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் நிறுத்திக்கொண்டான்.

"செத்தவன்மேல பழியைப் போடாதிய" என்றாள். "ஜெபம் கேக்கப்படலைன்னா, விசுவாசம் பத்தலைன்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. அதைக் கேட்டுத்தானே நீங்க சிரிப்பிய?"

ஆனால் கூடம் முழுக்க அதே பேச்சுத்தான் நடந்துகொண்டிருந்தது. எழாதவர்களின் சொந்தக்காரர்கள், பதியம் சரியாக ஒட்டவில்லை என்றார்கள். எழுந்தவர்கள், எங்களுக்கு ஒட்டியது என்றார்கள். போதகரின் விசுவாசம் வெறும் வேஷம் என்று சிலர் தாழ்ந்த குரலில் சொன்னது எப்சிபாவின் காதிலும் விழுந்தது. அண்ணனைப் புதைக்கும்போது ஜெபம் செய்ய வேறு ஆள் இல்லாததால் அவளே செய்தாள். பாதியில் குரல் நின்றது. நம்பி பக்கத்தில் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

டைட்டனில் குடியேறிச் சில நாட்கள் கழித்து டாக்டர் ஷமீமா அவனைக் கூப்பிட்டார்.

"எல்லாரையும் எண்ணிப் பாத்துட்டேன் சார். பதியம் வச்சவங்கள்லயும் பத்துக்கு ஒருத்தர் எழலை. வைக்காதவங்கள்லயும் பத்துக்கு ஒருத்தர்தான். ஒரு வித்தியாசமும் இல்லை."

"அப்போ முன்னால போன கப்பல்ல நடந்தது?"

"அவங்களோடயும் பேசினேன். அப்படி ஒரு செய்தியை அவங்க அனுப்பவே இல்லையாம். உங்க ஊர்லேருந்து வந்த செய்தின்னுதான் நாங்க கேள்விப்பட்டோம்னு சொல்றாங்க."

அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு நம்பி அழுதிருக்கிறான். மனைவியின் மனத்தைத் தூங்கவைக்கச் சொல்லி மன்றாடியிருக்கிறான். யார் எண்ணினார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தென்பொருநையில் ஊரின் மறுபாதி இந்த நாலு ஆண்டும் முனகும் பாறைக்கு அடியில் காத்திருந்தது. அடுத்த கப்பல் கிளம்பப்போகிறது. அவர்களிடம் என்ன சொல்வது என்று மன்றத்தில் பேச்சு வந்தபோது, தலைவர் ஆவுடையப்பன் நம்பியைத் தனியே அழைத்தார்.

"பதியம் வேலை செய்யுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் தம்பி. நாங்க சொல்லுறதைவிட நீங்க சொன்னா எடுபடும். நீங்க எதையும் நம்பாதவரு. அதனால உங்களை எல்லாரும் நம்புவாங்க."

"அது பொய் ஐயா."

"பயந்துபோய்க் கிடக்காங்க. உண்மையைச் சொல்லி அவங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

நம்பி நேரே செய்திக்கூடத்துக்குப் போனான். நடந்ததை ஒளிக்காமல் பேசிப் பதிவுசெய்தான். போதகர் எழவில்லை. எப்சிபா எழுந்தாள். பதியத்தால் பயனில்லை. கேடு இல்லை என்றும் சொல்லமுடியாது. பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் போன தாயை என் கண்ணால் பார்த்தேன். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள், டாக்டரின் கணக்கை நீங்களே கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். ஒருவேளை எழாமல் போகலாம் என்று தெரிந்தே படுங்கள். நாங்களும் அப்படித்தான் படுத்தோம், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு.

சூரியனைச் சுற்றிய அத்தனை இருட்டையும் கடந்து அது போய்ச் சேர்ந்து, பதில் வர நேரமாயிற்று. எப்சிபாவும் அவனருகில் காத்திருந்தாள். ஏதேதோ கேள்விகள் வரும், சிலர் கோபப்படுவார்கள், சிலர் அழுவார்கள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள்.

திரையில் ஊரின் மறுபாதி முழுவதும் கூடி நின்றது. எல்லாம் தெரிந்த முகங்கள். எல்லார் முகத்திலும் ஒரே அமைதி. நடுவில் நின்ற பெண் புன்னகையோடு பேசினாள்.

"நம்பி அண்ணே, உங்க செய்தி வந்துச்சு. எங்க உறுதியைச் சோதிக்கத்தான் அப்படி அனுப்பியிருக்கியன்னு கேட்ட உடனே புரிஞ்சுக்கிட்டோம். நாங்க யாரும் அசையலை. பிள்ளைங்க உள்பட எல்லாருமே பதியம் வச்சாச்சு. எதையும் நம்பாத உங்களையே எழுப்பிக் கொண்டுபோய்ச் சேத்த மானிக்கு இங்க தினமும் நன்றி சொல்லுதோம். எப்சிபா அக்காவுக்கு உறுதி பத்தலைன்னு கேள்விப்பட்டோம். அங்க அப்படி வேற யாரு இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். கொஞ்சம் பதியம் மிச்சம் வச்சிருக்கோம். வரும்போது கொண்டுவாரோம்."